டேப் அடித்தால் நகருமா?

கல்யாணமாகி வந்த நாற்பத்திரண்டாவது நாள், இருபது லாரி முதலாளிகள் பார்த்துக்கொண்டிருக்க, பட்டுப்புடவை கட்டி, சாம்பிராணி போட்டு, என் மாமியாரின் இரண்டு கைகளையும் கட்டிப்போட்ட மருமகள் நான். (கயிற்றால் இல்லை. அவசரப்பட்டு எந்த முடிவுக்கும் வந்துவிடாதீர்கள்.) எனக்கு அப்போது இருபத்தாறு வயது. உலகத்தில் நமக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று தோன்றும் வயது. அந்த வயதில் கையில் லேப்டாப்பும், புகுந்த வீட்டில் நல்ல பேர் வாங்கியே தீருவது என்கிற வெறியும் சேர்ந்துவிட்டால், பக்கத்தில் இருப்பவர்கள்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

நான் சேலம் அம்மாபேட்டைக்காரி. அதே ஊர் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பேக்கரியின் மாடியில் இருந்த சின்னக் கம்பெனியில் வெப்சைட் செய்துகொடுக்கும் வேலை. நகைக்கடை, பல் டாக்டர், கல்யாண மண்டபம் என்று எல்லாருக்கும் பளபளவென்று செய்துகொடுத்து, 'சூப்பரா இருக்கு மேடம்' என்று கேட்டுக் கேட்டே கெட்டுப்போயிருந்தேன். கட்டிக்கொடுத்தது நாமக்கல்லில். கணவர் கார்த்திக்கு பேங்க் வேலை. வீட்டில் ஐந்து லாரி. அவற்றின் டயர், டீசல், பட்டறை எல்லாம் மாமனார் பார்த்துக்கொள்வார். லாரி எங்கே போக வேண்டும், எதை ஏற்ற வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் என்பதெல்லாம் என் மாமியார் சுலோச்சனா அத்தை முடிவு செய்வது.

அத்தை ஆபீஸில் உட்கார்ந்திருப்பதே ஒரு காட்சி. டைப்ரைட்டிங்கில் தமிழ், இங்கிலீஷ் இரண்டும் ஹையர் பாஸ். போன் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கும், பத்து விரலும் கீபோர்டில் இருக்கும், கண் ஜன்னல் வழியாக வாசலில் நிற்கும் வண்டியில் இருக்கும். எந்தச் சீட்டை எடுத்தாலும் முதலில் மேலே ஒரு பிள்ளையார் சுழி. டீ குடித்த கணக்கை எழுதினால்கூட மேலே 'உ' இருக்கும்.

அவர் முக்கால்வாசி நேரம் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு வெப் பக்கத்தை. எங்கள் வட்டாரத்து லாரிக்காரர்கள் இருபது பேர் சேர்ந்து வைத்திருந்த பொதுப் பலகை அது. வடக்கே சரக்கு இறக்கிவிட்டுக் காலியாக நிற்கும் வண்டிக்குத் திரும்பி வர ஒரு லோடு வேண்டும் இல்லையா? அந்தந்த ஊர் புரோக்கர்கள் இருக்கிற லோடுகளை அதில் போடுவார்கள். முதலில் 'எடுத்துக்கொள்கிறோம்' என்று அழுத்துகிற ஆபீஸுக்கு அந்த லோடு.

வந்த புதிதில் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். வெள்ளைப் பின்னணி, அடிக்கோடு போட்ட நீல எழுத்து, சாம்பல் நிறப் பட்டன். லாரிக்காரர்கள் பக்கத்தில் ஒரு லாரிப் படம்கூட இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"ஐயோ அத்தை, யாரு பண்ணினது இது? கண்ணை மூடிக்கிட்டுப் பண்ணியிருப்பாங்க போல!"

அத்தை என்னை ஒரு நொடி பார்த்தார். "பழசுதான் கண்ணு. வேல நடக்குதல்லோ, அப்படியே உட்டுட்டோம்" என்றார்.

பக்கத்தில் நின்ற கார்த்திக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது. (அந்த இருமலுக்கு அர்த்தம் தெரிய எனக்கு மூன்று வாரம் ஆனது.)

"நான் புதுசா பண்ணித் தாரேன் அத்தை. பாருங்க, அசந்துருவீங்க."

"பண்ணு சாமி. ஆசையா இருந்தா பண்ணு."

பண்ணினேன். மாடி அறையில் மூன்று வாரம் கதவைச் சாத்திக்கொண்டு பண்ணினேன். அந்த மூன்று வாரத்தில் ஒரு அரை மணி நேரமாவது அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, அவர் எப்படி வேலை செய்கிறார் என்று பார்த்தேனா? கேட்காதீர்கள். அவர் விரல்களைப் பார்த்து வாயைப் பிளந்தேனே தவிர, அவர் மேஜையில் மவுஸே இல்லை என்பது என் கண்ணில் படவில்லை.

நான் செய்த தப்பு என்னவென்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெப் பக்கம் என்பது பல துண்டுகளை அடுக்கிக் கட்டுவது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர் உண்டு. மேலே தலைப்புப் பகுதிக்கு ஹெடர், வழிகாட்டும் இணைப்புகளுக்கு நேவ், முக்கியமான விஷயத்துக்கு மெயின், அழுத்துவதற்குப் பட்டன். அந்தப் பெயரைச் சொல்லி எழுதினால், 'ஓ, இது பட்டனா, அப்படியென்றால் கீபோர்டில் இருந்தும் அழுத்த விட வேண்டும்' என்று பிரவுசர் தானே புரிந்துகொண்டு எல்லா ஏற்பாட்டையும் செய்துவிடும். இவை தவிர டிவ் என்று ஒன்று இருக்கிறது. அது வெறும் பெட்டி. எதை வேண்டுமானாலும் உள்ளே போடலாம், எந்தக் கலர் வேண்டுமானாலும் அடிக்கலாம். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று பிரவுசருக்குத் தெரியாது. லாரி ஆபீஸ் பாஷையில் சொன்னால், மார்க்கா எழுதாத மூட்டை. யாருக்கு, எந்த ஊருக்கு என்று மேலே எழுதாமல் அனுப்பினால் குடோன்காரன் என்ன செய்வான்?

நான் மொத்தப் பக்கத்தையும் டிவ்விலேயே கட்டினேன். தலைப்பு டிவ். மெனு டிவ். ஊர்ப் பெயர்ப் பட்டியல் டிவ். 'எடுத்துக்கொள்கிறோம்' என்ற பட்டன், அதுவும் டிவ். பார்க்க என்னவோ தேர் மாதிரி இருந்தது. ஆரஞ்சு நிறத்தில் மின்னும். கை வைத்தால் லேசாக எழும்பும். பின்னால் ஒரு லாரி சூரிய உதயத்தில் போய்க்கொண்டே இருக்கும்.

திங்கட்கிழமை காலை திறப்பு விழா. (வெப் பக்கத்துக்குத் திறப்பு விழாவா என்று கேட்பவர்கள் நாமக்கல்லுக்கு மருமகளாக வந்து பாருங்கள்.) கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம், கீபோர்டு பக்கத்தில் எலுமிச்சம்பழம், வந்தவர்களுக்கு மைசூர்பாகு, காபி. இருபது ஆபீஸில் இருந்தும் ஆள் வந்திருந்தார்கள். எல்லாரையும் அவரவர் போனில் புதுப் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். பழைய பக்கத்தை அன்று காலை எட்டு மணிக்கே பெருமையாகக் கழற்றி எறிந்திருந்தேன்.

அந்தத் திங்கட்கிழமைக்கு இன்னொரு முக்கியமும் இருந்தது. எங்கள் டிரைவர் பழனிச்சாமி அண்ணன் சனிக்கிழமையில் இருந்து நாக்பூரில் காலி வண்டியோடு நின்றுகொண்டிருந்தார். அவர் ஊர் ஜேடர்பாளையம். அவருடைய தங்கை குழந்தைக்கு வெள்ளிக்கிழமை காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்? அவர்தான் தாய்மாமன், ஒரே தாய்மாமன். நாக்பூரில் இருந்து அவ்வளவு தூரம் காலி வண்டியை யாரும் ஓட்டிக்கொண்டு வர மாட்டார்கள். திங்கட்கிழமை லோடு கிடைத்தால் வியாழக்கிழமை வந்து சேரலாம். செவ்வாய் ஆகிவிட்டால் காதுகுத்து அவர் இல்லாமல்தான். காலையில் இருந்து மூன்று தடவை போன் செய்துவிட்டார். "அம்மா, ஏதாச்சும் வந்துச்சுங்களா?" என்று கேட்பார். "வரும் பழனிச்சாமி, நான் பக்கத்தை உட்டு நகர மாட்டேன்" என்று அத்தை சொல்லிக்கொண்டே இருந்தார்.

கற்பூரம் காட்டியாயிற்று. அத்தை நாற்காலியில் உட்கார்ந்தார். நான் பக்கவாட்டில் நின்று போனில் வீடியோ எடுக்க ஆரம்பித்தேன். சரித்திரத்துக்கு ஆதாரம் வேண்டும் அல்லவா?

டிங் என்று ஒரு சத்தம். (அந்த டிங்கையும் நான்தான் வைத்தேன்.) பக்கத்தின் உச்சியில் ஒரு புது லோடு வந்து விழுந்தது. நாக்பூர் டு சேலம். இன்று மதியம் இரண்டு மணிக்கு ஏற்ற வேண்டும்.

"வந்துருச்சு!" என்றார் அத்தை. அவர் இடது சுண்டுவிரல் கீபோர்டின் ஓரத்தில் இருக்கிற டேப்பைத் தட்டியது. ஒவ்வொரு தட்டுக்கும் திரையில் இருக்கும் குறி அடுத்த பட்டனுக்குப் போக வேண்டும், போனதும் என்டர் அடிக்க வேண்டும். பழைய பக்கத்தில் அவருக்கு இரண்டு டேப், ஒரு என்டர். கண் இமைக்கும் நேரத்து வேலை.

டேப். ஒன்றும் நகரவில்லை.

டேப், டேப், டேப். திரையின் மேலே முகவரி எழுதும் இடத்துக்குப் போய் நின்றது. இன்னும் நான்கு தட்டு. பிரவுசரின் மெனுவுக்குப் போனது. என் ஆரஞ்சு பட்டன் பக்கம் மட்டும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"என்ன கண்ணு, நகரவே மாட்டேங்குது?"

"மவுஸ் அத்தை! மவுஸால அமுக்குங்க!"

"மவுஸ் எங்க இருக்குது இங்க?"

அப்போதுதான் மேஜையைப் பார்த்தேன். மவுஸ் இருக்க வேண்டிய இடத்தில் போன், சீட்டுக் கட்டு, டீ டம்ளர். "அதைப் புடிச்சா ஒரு கை போயிருமல்லோ. ஒத்தக் கையில என்னத்தப் பண்றது?" என்று அத்தை சொல்ல, மாமா கீழ் டிராயரை இழுக்க, டிராயர் பாதியில் மாட்டிக்கொள்ள, கார்த்தி உள்ளே கையை விட்டு ஒரு பிளாஸ்டிக் கவரை உருவினார். ரப்பர் பேண்ட் போட்டு பத்திரமாக மடித்து வைத்திருந்த மவுஸ். செருகினோம். வெளிச்சமே வரவில்லை. எப்போது உயிர் போனதோ, பாவம்.

அதற்குள் திரையில் அந்த லோடின் மேல் சிவப்பாக ஒரு பட்டை விழுந்தது. 'எடுக்கப்பட்டது – சங்ககிரி.'

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாவது நாற்காலியில் சங்ககிரி முருகேசன் உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் பாதி மைசூர்பாகு, இன்னொரு கையில் போன். கட்டைவிரல் இன்னும் போன் மேலேயே இருந்தது. போனில் விரலால் தொட்டால் என் டிவ் நன்றாகவே வேலை செய்யும். டேப்புக்குத்தான் அசையாது.

"எங்க வண்டியும் அங்கதானுங்க நிக்குது..." என்றார் அவர், திருடிவிட்டது மாதிரி. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

(இன்னொன்றையும் சொல்லித் தொலைக்கிறேன். என் கையிலும் ஒரு போன் இருந்தது. அதில் ஒரு தட்டு தட்டியிருந்தால் லோடு எங்களுடையது. நான் அதை வைத்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். மாமனார் டிராயரோடு மல்லுக்கட்டுவதை குளோசப்பில்கூட எடுத்திருக்கிறேன்.)

அத்தை ஆபீஸ் நடத்த ஆரம்பித்த நாளில் இருந்து யாரிடமும் ஒரு லோடைக் கேட்டு வாங்கியதில்லை என்று கார்த்தி பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அந்த அத்தை எழுந்தார். முந்தானையைச் சரி செய்துகொண்டார். இருபது பேருக்கு நடுவில் முருகேசன் முன்னால் போய் நின்றார்.

"முருகேசா, ஒரு ஒத்தாச. அந்த லோட எனக்குக் குடுத்துருப்பா. பழனிச்சாமி தங்கச்சி புள்ளைக்கு வெள்ளிக்கெழம காதுகுத்து. அவன்தான் தாய்மாமன்."

முருகேசன் மைசூர்பாகை நாற்காலியிலேயே வைத்துவிட்டு எழுந்துவிட்டார். "ஏனுங்கக்கா, தாய்மாமன்னு மொதல்லயே சொல்றதில்லீங்களா? எடுத்துக்குங்க. எங்க வண்டி நாளைக்கு ஏத்திக்கும்."

லோடு கிடைத்துவிட்டது. ஆனால் அத்தை கேட்டு வாங்கும்படி ஆகிவிட்டதே! பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்று இருந்தது. போகும்போது ஒரு பெரியவர் என்னைச் சமாதானம் செய்வதாக நினைத்துக்கொண்டு, "பாக்க லட்சணமா இருக்குது அம்மிணி" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கு அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

அத்தையும் திட்டவில்லை. "காலைல இருந்து ஒண்ணும் திங்கல நீ. போய்ச் சாப்பிடு கண்ணு" என்றார். நான் சமையலறையில் தட்டை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, முதலில் பழைய பக்கத்தைத் திரும்ப ஏற்றுவோம் என்று அதன் காப்பியைத் திறந்தேன். அன்றுதான் முதல் முறையாக அதன் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தேன்.

ஹெடர் இருக்க வேண்டிய இடத்தில் ஹெடர். உள்ளே நேவ். அதற்குக் கீழே மெயின், ஒன்றே ஒன்று. ஒவ்வொரு லோடும் 'இது ஒரு தனி விஷயம்' என்று சொல்லும் தனித்தனி ஆர்ட்டிகிள், அதன் தலையில் ஊர்ப் பெயர் தலைப்பாக, அதற்குள் சரக்கு, எடை, நேரம் ஒழுங்கான பட்டியலாக. எழுதுகிற ஒவ்வொரு கட்டத்துக்கும் இது என்ன என்று சொல்லும் லேபிள். பட்டன் பட்டனாகவே இருந்தது. அடியில் ஃபுட்டர், அதில் இருபது ஆபீஸின் போன் நம்பர். ஓர் இடத்திலும் தேவையில்லாத ஒரு வார்த்தை கிடையாது. கலரையும் எழுத்தின் அளவையும் கண்ணில் இருந்து எடுத்துவிட்டு, வெறும் எழுத்தை மட்டும் வாசித்தாலே இது லாரிக்காரர்கள் பக்கம், இங்கே லோடு, இங்கே அழுத்து என்று சொல்லிவிடும். நான் ஃபேர்லேண்ட்ஸில் நான்கு வருஷம் கட்டிய பக்கம் எதுவும் இப்படி நிமிர்ந்து நின்றதில்லை. யார் பெத்த பிள்ளையோ, கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

பிறகுதான் கோப்பின் முதல் வரியைப் பார்த்தேன். பக்கத்தில் தெரியாத, எழுதுபவர் தனக்காக மட்டும் போட்டுக்கொள்ளும் ஒரு குறிப்பு. அதில் ஒரே ஓர் எழுத்து.

உ.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஆபீஸுக்கு ஓடினேன். "அத்தை, இந்தப் பழைய பக்கம்... நீங்களா எழுதினது?"

அத்தை சீட்டில் இருந்து தலையைத் தூக்கவில்லை. "பின்னால ஓடுற புரோகிராம் ஈரோட்டுல ஒருத்தர் போட்டுக் குடுத்தது. முன்னால தெரியறதெல்லாம் நாந்தான். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்காரரு கம்ப்யூட்டர் சென்டர் ஆரம்பிச்சாரல்லோ, ரண்டு மாசம் போனேன். அப்புறம் நெட்டுல பாத்துப் பாத்து திருத்துனது."

"ஒரு தப்புகூட இல்ல அத்தை. எல்லாத்துக்கும் அதது பேரே போட்டிருக்கீங்க."

"பட்டனுக்குப் பட்டன்னு அவனே ஒரு பேரு வெச்சிருக்கறான். நாம எதுக்குக் கண்ணு வேற வைக்கோணும்?"

"நான் கண்ணை மூடிக்கிட்டுப் பண்ணியிருக்காங்கன்னு சொன்னேனே! ஏன் சொல்லல அத்தை?"

"புதுசா வந்த புள்ள ஆசையாப் பண்றேங்குது. அதுல போயி நான் என்னத்தச் சொல்றது?"

எனக்கு மறுபடியும் அழுகை வந்தது. அந்த இருமல்காரரைத் தேடிப் பிடித்து, "உங்களுக்குத் தெரியும்தானே?" என்றேன். "நீ பேசின வேகத்துல எனக்கு எங்க இடம் குடுத்த?" என்றார் கார்த்தி. (நியாயம்தான். ஒத்துக்கொள்ளவில்லை.)

அன்று மாலைக்குள் என் டிவ் எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டேன். அத்தையின் எலும்புக்கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு, மேலே என் கலரை மட்டும் போர்த்தினேன். சூரிய உதயத்து லாரியை அனுப்பிவைத்தேன். அத்தை உட்கார்ந்தார். டேப், டேப், என்டர். ஒரு சின்னத் தலையசைப்பு. இதுவரை நான் வாங்கிய அத்தனை 'சூப்பரா இருக்கு மேடம்'களையும் அந்த ஒரு தலையசைப்புக்கு ஈடாகக் கொடுத்துவிடலாம்.

பழனிச்சாமி அண்ணன் வியாழக்கிழமை மத்தியானமே ஒரு பெட்டி ஆரஞ்சுப் பழத்தோடு வந்து இறங்கினார். வெள்ளிக்கிழமை எல்லாரும் ஜேடர்பாளையம் போனோம். மொட்டை அடித்த குழந்தை அவர் மடியில் உட்கார்ந்து, குத்துவதற்கு முன்னாலேயே ஊரைக் கூட்டியது. ஆசாரி வெள்ளி மாதிரி மின்னும் புது மெஷின் ஒன்று கொண்டுவந்திருந்தார், காதில் வைத்து அழுத்தினால் நொடியில் குத்திவிடுமாம். வைத்தார், அழுத்தினார். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி அழுத்தினார். அத்தை என் பக்கம் சாய்ந்தார்.

"பாக்க நல்லாத்தான் இருக்குது. டேப் அடிச்சா நகருமான்னு கேளு கண்ணு."

நான் சிரித்த சிரிப்பில் குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. அந்த இடைவெளியில் ஆசாரி தன் பழைய ஊசியை எடுத்து இரண்டு காதையும் குத்திவிட்டார்.

அன்று பிடித்தது, இன்னும் விடவில்லை. எங்கள் வீட்டில் புது மிக்ஸி வந்தாலும், பக்கத்து வீட்டில் ரிமோட் கேட் போட்டாலும், தேர்தலுக்கு யாராவது கும்பிட்டுக்கொண்டு வந்தாலும் இதே கேள்விதான். அந்த வீடியோவை வருஷத்துக்கு ஒரு தடவையாவது டிவியில் போட்டு, டிராயர் மாட்டிக்கொள்ளும் இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார்கள். நான் எழுதும் ஒவ்வொரு பக்கத்தின் முதல் வரியிலும் இப்போது ஒரு 'உ' இருக்கிறது. பெங்களூரில் இருந்து வேலையைச் சரிபார்க்கும் ஒரு பையன், "இது என்ன மேடம், தவறுதலா வந்துருச்சா?" என்று கேட்டான். "அது இல்லாமத்தான் ஒரு தடவை தவறுதலா போச்சு" என்றேன்.

போன மாதம் என் நாத்தனார் மகளுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போயிருந்தோம். பையன் நல்ல உயரம், நல்ல நிறம், கையில் பெரிய வாட்ச். வந்து உட்கார்ந்தவர் அரை மணி நேரமாக ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் அப்பா பேசினார், சித்தப்பா பேசினார், அவர் சிரித்த முகமாக அப்படியே இருந்தார். அத்தை காபி டம்ளரை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு, உதடு அசையாமல் என் காதில் கேட்டார்.

"கண்ணு, இது பட்டனா, டிவ்வா?"

எனக்குக் காபி மூக்கில் ஏறிவிட்டது. நான் இருமி முடிப்பதற்குள் அந்தப் பையன் எழுந்தார், உள்ளே போனார், ஒரு செம்புத் தண்ணீரை என் கையில் கொடுத்தார். பிறகு யாரும் சொல்லாமலே காலி டம்ளர்கள் எல்லாவற்றையும் அடுக்கி எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.

"பட்டன்தான் அத்தை" என்றேன். தையில் கல்யாணம்.